கடைப் பலகை ஒரு குறும்படம்: போர் என்று சொல்லாமல் முடிப்பது எப்படி?

பலகைக்காரன் (யாங்கூன்) கேட்டது:

வணக்கம். கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். என் தமிழ் கோயில் வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நிமிடத்தில் ஒரு போர் எதிர்ப்புக் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் எடுத்தாகிவிட்டது. முடிவில்தான் மாட்டிக்கொண்டேன்.

என் பெரியப்பாவுக்கு யாங்கூனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். கடைக்கு இரும்பு ஷட்டர் கிடையாது. 11 தேக்குப் பலகைகள்தான் கதவு. அவருடைய தாத்தா செய்து வைத்தது. ஒவ்வொரு பலகையின் தலையிலும் உளியால் தமிழ் எண் வெட்டியிருக்கிறது, ௧ முதல் ௰௧ வரை. இன்று அந்தத் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அவருக்கும் எண்ணாகத் தெரிகிறதா, இல்லை பிள்ளைகளின் முகம் மாதிரி ஆளாகத் தெரிகிறதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இருட்டில் தொட்டுப் பார்த்தே "இது ஆறு, ஓரம் கொஞ்சம் வாயைப் பிளந்திருக்கும்" என்பார்.

இந்த மாதிரிக் கடையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேல் சட்டத்தில் ஆழமாக ஒரு காடி, கீழ்ச் சட்டத்தில் ஆழம் குறைந்த காடி. பலகையை மேலே செருகித் தூக்கி, கீழே இறக்கி, ஓரமாகத் தள்ள வேண்டும். அடுத்தது அதை ஒட்டி. கடைசிப் பலகை நிற்கும் இடத்தில் மட்டும் காடி வெட்டுப்பட்டிருக்கும். எல்லாமே அந்த வழியாகத்தான் உள்ளே போகும், வெளியே வரும். குறுக்கே ஓர் இரும்புப் பட்டை, அதில் பூட்டு.

காலை ஐந்தே காலுக்குப் பலகைகளைக் கழற்றுவார். இரண்டை டின்கள் மேல் போட்டால் அதுதான் மேசை. மற்றதெல்லாம் சுவரோடு சாயும். அப்புறம் நாள் முழுக்க அரிசி அளப்பது. இங்கே இன்றைக்கும் பால் டின் அளவுதான், எட்டு டின் ஒரு ப்யி. அளந்து முடித்ததும் ஒரு பிடி அரிசி கூடப் போடுவார். சாயந்திரம் மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டே பலகை ஏற்றுவார். 41 வருடமாக இதுதான்.

படத்தில் நான் சேர்த்தது ஒன்றே ஒன்று. முதல் நாள் கடை அடைக்கும் நேரத்துக்கு ஒருவர் வருகிறார். "ஊலே (மாமா), பலகை ஒன்று இரவல் வேண்டும், நாளைக்குக் கொண்டுவந்துவிடுவேன்." நோயாளியைத் தூக்கிப்போக என்கிறார். பெரியப்பா நாலாம் பலகையைக் கொடுத்து, கடன் நோட்டில் "௪, இரவல்" என்று எழுதுகிறார். மறுநாள் அதே நேரத்துக்கு இன்னொருவர், சின்னப் பாலம் இடிந்துவிட்டது, குறுக்கே போட. அடுத்த நாள் ஒரு பெண், பெட்டி செய்ய ஒரு பலகை குறைகிறதாம். என்ன பெட்டி என்று அவள் சொல்ல மாட்டாள். துப்பாக்கி கிடையாது, சீருடை கிடையாது, எல்லாருமே மரியாதையாகக் கேட்கிறார்கள். வாங்கிப்போனது எதுவும் திரும்பி வருவதில்லை.

எடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது, கதை எழுதும்போது தோன்றவே இல்லை. எந்த எண் பலகை போனாலும் மற்றவை நெருங்கி நின்றுகொள்ளும். இடைவெளி மட்டும் எப்போதும் ஒரே இடத்தில்தான் வரும், பூட்டுப் போடுகிற முனையில். நாலாம் பலகை போனாலும் நாலாம் இடத்தில் ஓட்டை விழாது. இதைப் பார்த்ததும் கேமராவை முதல் பலகைப் பக்கத்திலிருந்து எடுத்துப் பூட்டுப் பக்கத்தில் நிரந்தரமாக வைத்துவிட்டேன். தினமும் அதே ஷாட், அதே உயரம்.

இப்போது கேள்வி. என்னோடு தொழில் செய்பவர், "இதில் போர் எங்கே இருக்கிறது? கடைசியில் ஒரு விமானச் சத்தமாவது போடு, இல்லாவிட்டால் ரேடியோவில் செய்தி ஓடட்டும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்னிடம் இருக்கும் முடிவுகள்: ஒரு பலகைகூட இல்லாத சாயந்திரம் பெரியப்பா வெறும் காற்றைத் தூக்கிக் காடியில் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவது. அல்லது ஒரே ஒரு பலகை ஆணி ஓட்டைகளோடு திரும்பி வருவது. அல்லது அந்த விமானச் சத்தம். எது?

லைட் பிடிக்க ஆள் கிடையாது என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்ததும் என் லைட் பையன் எல்லை தாண்டிவிட்டான், அவனுக்கு 22 வயது. இப்போது தெர்மக்கோல் அட்டையும் அத்தையின் நிலைக்கண்ணாடியும்தான் லைட்.

---

சும்மா_பார்ப்பவன்:

போர் எதிர்ப்புப் படம் என்று நீங்கள் சொல்லாவிட்டால் இது பலகைத் திருட்டுப் படம். கோபித்துக்கொள்ளாதீர்கள், சாதாரண ஆள் அப்படித்தான் பார்ப்பான்.

---

மோல்மேன் டீச்சர்:

தம்பி, மேலே எழுதியவர் கிண்டலாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து மண்டலேக்குத் தார்ப்பாய், கயிறு, பலகை எல்லாம் லாரியில் போனது. எங்கள் வீட்டுப் பழைய கட்டில் பலகையை நானே கழற்றிக் கொடுத்தேன். உங்கள் படத்தை இன்று பார்த்தால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். தூக்கிப்போகப் பலகை, பாலத்துக்குப் பலகை, பெட்டிக்குப் பலகை, மூன்றுமே நிலநடுக்கத்துக்கும் பொருந்துகிறதே. அப்போது பெரியப்பா நல்லவர், ஊர் நல்ல ஊர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவோம். அதுவா உங்களுக்கு வேண்டும்?

இன்னொன்று. கேட்டு வருகிறவர்கள் எல்லாம் காரணம் சொல்லுகிறார்கள். மூன்று பேர், மூன்று காரணம். கட்டுரைப் போட்டியில் பிள்ளைகள் எழுதுகிற மாதிரி அடுக்காக இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்த ஒரு பிடி அரிசிதான். பலகை குறையக் குறைய அந்தப் பிடி என்ன ஆகிறது? அதை எடுத்தீர்களா?

---

பலகைக்காரன்:

அக்கா, அரிசி விஷயம் எடுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, அதுதான் கண் முன்னால் இருந்தது.

நிலநடுக்கம் பற்றி நேற்று முழுக்க யோசித்தேன். அது ஒரு நாள் மத்தியானம் வந்தது. இங்கே வருகிறவர்கள் தினமும் கடை அடைக்கும் நேரத்துக்குச் சரியாக வருகிறார்கள், பால்காரர் மாதிரி. பெரியப்பாவே நாலாம் நாளிலிருந்து ஒரு பலகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார், அது ஏற்கெனவே எடுத்த ஷாட். அவர் வேலையில் அதுவும் ஒரு வேலையாகிவிடுகிறது. அது புரிந்தால் போதும் என்று நினைத்தேன். போதாதோ?

---

பழைய_ரீல்:

அண்ணா, நான் குறும்படங்கள் தேடித் தேடிப் பார்ப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்தே ஆக வேண்டியது 'நெய்பர்ஸ்'. 1952இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக நார்மன் மெக்லாரன் எடுத்தது, எட்டு நிமிடம். இரண்டு பேர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். ஒருவர் பேப்பரில் 'சமாதானம் இல்லையேல் போர் நிச்சயம்' என்று தலைப்பு, மற்றவர் பேப்பரில் 'போர் இல்லையேல் சமாதானம் நிச்சயம்' என்று. நடுவில் ஒரு பூ முளைக்கிறது. யாருடையது என்று சண்டை. வேலி போடுகிறார்கள், பிறகு அந்த வேலிக் கட்டையையே பிடுங்கி வாள் மாதிரி வீசிக்கொள்கிறார்கள். கடைசியில் அதே கட்டைகள் இரண்டு பேர் சமாதிக்கும் வேலியாக நிற்கின்றன. உங்கள் பலகைக்கு அண்ணன் முறை.

அதில் வருகிறவர்கள் நிஜ ஆட்கள். ஆனால் பொம்மைப் படம் எடுப்பது போல ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி நிறுத்தி எடுத்தது, அதனால் ஆட்கள் காலை அசைக்காமலே புல்லில் வழுக்கிக்கொண்டு போவார்கள். சத்தம்கூட மெக்லாரன் ஃபிலிம் ஓரத்தில் கீறி உண்டாக்கியதுதான். சிரித்துக்கொண்டே பார்ப்போம். திடீரென்று அந்த இரண்டு பேரும் மற்றவன் வீட்டுக்குள் புகுந்து மனைவியையும் கைக்குழந்தையையும் அடிப்பார்கள். அமெரிக்காவில் காட்டுவதற்காக அந்தப் பகுதியை ஒரு காலத்தில் வெட்டியிருந்தார்கள், வியட்நாம் போர் நடந்த காலத்தில் திரும்பச் சேர்த்தார்கள். மெக்லாரன் 1949இல் யுனெஸ்கோ வேலையாகச் சீனா போயிருந்தார், அங்கே ஆட்சி மாறுவதை நேரில் பார்த்தார். திரும்பி வந்தபின் கொரியப் போர் தொடங்கியது. அந்த மனநிலையில் எடுத்த படம். 1953இல் ஆஸ்கர் கிடைத்தது, அதுவும் ஆவணக் குறும்படப் பிரிவில்! கற்பனைப் படத்துக்கு ஆவணப்படப் பரிசு எப்படி என்று எனக்கு இன்றும் சிரிப்புதான். ஆனால் யோசித்தால் தப்பாகத் தெரியவில்லை.

அதன் முடிவு மட்டும் எனக்குப் பிடிக்காது. 'அயலானை நேசி' என்று பல மொழிகளில் எழுத்துப் போடுவார். பூவையும் கட்டையையும் பார்த்த பிறகு அந்த எழுத்து எதற்கு? உங்கள் நண்பர் கேட்கிற விமானச் சத்தமும் அதே எழுத்துதான், காதுக்குப் போடுகிற எழுத்து.

நேர் எதிராக இன்னொன்று, 2012இல் வந்த 'ஃப்ரெஷ் குவாக்கமோலே'. இரண்டு நிமிடம்கூட இல்லை. ஒரு கை சமையல் செய்கிறது, அவகாடோவுக்குப் பதில் கத்தியின் கீழ் இருப்பது ஒரு கையெறி குண்டு. அவ்வளவுதான், கை நிற்கவே நிற்காது, கடைசி வரை சமையல்தான். அது போர் எதிர்ப்பா வெறும் விளையாட்டா என்று சண்டை போடலாம். ஆனால் கையில் பதற்றமே இல்லாதது எனக்கு வயிற்றைக் கலக்கியது. உங்கள் பெரியப்பாவின் கையும் அப்படி நிதானமாக இருக்கட்டும். காற்றைத் தூக்கி வைக்கிற முடிவு வேண்டாம். அது நாடகம், மைம் என்கிற ஊமை நாடகத்தில் இல்லாத சுவரைத் தடவுகிற கதை. பாவம், பெரியவரை நடிக்க வைக்காதீர்கள்.

---

பலகைக்காரன்:

காற்றைத் தூக்குகிற காட்சியை அவரிடம் சொன்னபோது "எனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டார். நீங்களும் அதையே சொல்கிறீர்கள். அந்த முடிவைக் கைவிட்டுவிட்டேன்.

---

தன்பியூசயாத் பெரியவர்:

தம்பிக்கு. எனக்கு 79 வயது, பேரன் தட்டச்சு செய்கிறான்.

எங்கள் ஊரில் போர் கல்லறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் பர்மா ரயில் பாதையின் பர்மா முனை இதுதான். 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்தது. கல்லறையில் காமன்வெல்த் சிப்பாய்கள் 3,149 பேர், டச்சுக்காரர்கள் 621 பேர். புல் வெட்டி, கல் துடைத்து மிக அழகாக வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. என் அப்பா அந்தப் பாதையில் சிலிப்பர் கட்டை சுமந்தவர். கட்டைக்கு இரண்டு ஆள். மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்களும் கூட வேலை செய்தார்களாம், காலரா வந்தபோது தினமும் ஆள் குறைந்தது என்பார். காலையில் மேஸ்திரி ஆள் எண்ணுவான். எண்ணிக்கை குறைந்தால் கட்டைக்கு இரண்டு ஆள் என்பது மாறாது, மீதிப் பேர் கூடுதலாக நடக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ பலகைகள் நெருங்கி நின்றுகொள்ளும் என்று எழுதியதைப் பேரன் படித்தபோது இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன்.

சின்ன வயதில் அப்பா என்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போனார். வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. என்ன தேடினார் என்று அப்போது புரியவில்லை. எங்கள் ஆட்களுக்கு அங்கே கல் கிடையாது.

உன் படத்தில் நோட்டில் எழுதுகிறார் பார், அது முக்கியம். தமிழ் எண்ணுக்குக் கீழே பர்மிய எழுத்தில் விளக்கம் போட்டுவிடாதே. யாருக்கும் படிக்கத் தெரியாவிட்டாலும் அவர் எழுதி வைக்கட்டும்.

---

மோல்மேன் டீச்சர்:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் சும்மா இருந்தேன். தம்பி, இரண்டாவது முடிவும் வேண்டாம் என்று தோன்றுகிறது. பலகை ஆணி ஓட்டையோடு திரும்பி வந்தால்கூடத் திரும்பி வந்ததுதானே. பார்க்கிறவருக்கு ஆறுதல் வந்துவிடும்.

---

ஒலிப்பெட்டி:

தொழில்நுட்பமாக ஒன்று மட்டும். கரண்ட் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓடும், அது எல்லா டேக்கிலும் விழும். அதை அழிக்க மெனக்கெடாதீர்கள். பலகை காடியில் விழுகிற 'டொக்' சத்தத்தை மட்டும் தனியாக, போன் மைக்கைச் சட்டத்தில் ஒட்டி, 11 முறையும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சத்தம் இருக்கும். முதல் நாள் 11 டொக், பிறகு 10, பிறகு 9. பார்க்கிறவர் எண்ணாவிட்டாலும் காது எண்ணும். விமானத்தை விட இது செலவும் குறைவு.

---

பலகைக்காரன்:

ஒலிப்பெட்டி அண்ணா, செய்துவிட்டேன். ஆறாம் பலகை மட்டும் இரண்டு தடவை சத்தம் போடுகிறது, வாய் பிளந்ததால்.

எல்லாருக்கும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். சனிக்கிழமை போய் மீதியை எடுக்கத் திட்டம். படத்துக்காகப் பலகைகளைக் குறைத்துக்கொண்டே வந்ததால், கதைப்படி இரவல் போய்விட்ட ஐந்து பலகைகள் பின்பக்கச் சந்தில் சாக்குப் போட்டு மூடியிருந்தன. சாயந்திரம் ஆறு மணி இருக்கும், கேமரா வைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வீடு தள்ளியிருக்கும் ஒருவர் வந்தார். நடிக்க வந்தவர் இல்லை, நான் கூப்பிடவும் இல்லை. பெரியப்பாவிடம் பர்மியத்தில் ஏதோ மெதுவாகக் கேட்டார். பெரியப்பா சந்துக்குள் போய்ப் பலகையைத் தூக்கிவந்து கொடுத்தார். ஒன்று இல்லை, இரண்டு. அவர் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டார், அவர் மகள் பன்னிரண்டு வயது இருக்கும், மற்றதன் பின் முனையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று பெரியப்பா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்றும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும் எதற்கென்று. அந்தத் தெருவில் நாலைந்து வீட்டில் பின்பக்கம் பதுங்கு குழி வெட்டியிருக்கிறார்கள். மேலே போட்டு மண் கொட்ட நல்ல கனமான பலகை வேண்டும்.

பெரியப்பா உள்ளே வந்து நோட்டை எடுத்தார், படத்துக்கு வாங்கிய நோட்டு இல்லை, கடையின் நிஜ நோட்டு. "௬, ௯, இரவல்" என்று எழுதிவிட்டு, "உன் படத்துக்கு மீதி போதுமா?" என்று கேட்டார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நான் ஃபோகஸ் வைத்தது பூட்டில். அவர்கள் இரண்டு பேரும் ஓரத்தில் மங்கலாகப் போகிறார்கள். முகம் தெரியாது. அது நல்லதுதான், இல்லாவிட்டால் அழித்திருப்பேன்.

டீச்சர் அக்கா, நீங்கள் சொன்ன மூன்று காரணங்களையும் அன்று இரவே எடிட்டில் வெட்டினேன். இப்போது படத்தில் வருகிறவர்கள் யாரும் காரணம் சொல்வதில்லை. கையை நீட்டுகிறார்கள், வாங்கிப்போகிறார்கள். ஏழே முக்கால் நிமிடம் ஆகிவிட்டது. அரிசியும் எடுத்தேன். பெரியப்பாவிடம் நடிக்கச் சொல்லவில்லை, சும்மா ஒரு வாரம் அளப்பதை எடுத்தேன். பிடி சின்னதாகியிருக்கிறது. எப்போது குறைத்தீர்கள் என்று கேட்டதற்கு "குறைக்கவில்லையே" என்கிறார்.

தன்பியூசயாத் ஐயாவுக்கு: எண்ணுக்கு விளக்கம் போடவில்லை.

முடிவு இன்னும் எடுக்கவில்லை. ஆறும் ஒன்பதும் நிஜமாகவே போய்விட்டதால் கடைக்கு இப்போது ஒன்பது பலகைதான். பூட்டு முனையில் இரண்டு பலகை அகலத்துக்கு இடைவெளி, ஒரு ஆள் தாராளமாக நுழையலாம். பெரியப்பா எண்ணெய் டின்னைப் பிரித்துத் தட்டி, அந்தத் தகரத்தை வைத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார். ஆணியால் அதன் மேல் ௧௦ என்று கீறிக்கூட வைத்துவிட்டார். ஒன்பதுக்கு அடுத்தது பத்துதானே என்கிறார். பழைய பத்தாம் பலகையில் ௰ என்று இருக்கிறது, அதனால் இப்போது இரண்டு பத்து.

வரும் சனிக்கிழமை அந்தத் தகரத்தோடு அடைப்பதை ஒரே ஷாட்டில் எடுக்கப் போகிறேன். ஒலிப்பெட்டி அண்ணா, தகரம் காடியில் விழுகிற சத்தத்துக்கு மைக்கை எங்கே ஒட்டுவது?